கொஞ்சம் சிரியேன்

குரல் பதிவு செய்யும்போது அந்த அறையில் ஏசியை நிறுத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் அதன் இரைச்சல் மைக்கில் விழும். பஞ்சு வைத்துத் தைத்த கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அறுந்துபோகும். தன் மூச்சும் எச்சில் விழுங்குகிற சத்தமும்தான் மிச்சம். டப்பிங் அக்கா தன் வாழ்க்கையில் பாதியை அந்தப் புழுக்கத்தில் நின்றே கழித்தவள். ஸ்டுடியோவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசி போடும் நர்ஸ், பிணத்தைப் பார்த்து அலறும் பக்கத்து வீட்டுக்காரி, கூட்டத்தில் "ஐயோ தீ!" என்று கத்தும் யாரோ ஒருத்தி என்று அவள் குரல் போகாத இடமில்லை. முகத்தை மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்தத் தடவை கிடைத்தது பெரிய வேஷம். படம் நிறவெறியைப் பற்றியது. கறுப்பாக இருக்கிறார்கள் என்பதற்காகவே ஒரு குடும்பத்துக்கு எங்கேயும் வீடு கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வீடு கிடைக்கிறது. அந்த வீட்டின் சொந்தக்காரிதான் வில்லி. நடித்த அம்மாள் வேற்றுமொழிக்காரர். வசனம் வாயில் நுழையாததால் படப்பிடிப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வாயசைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வாயசைப்புக்குள் தமிழை அடைப்பது டப்பிங் அக்காவின் வேலை.

இரண்டாம் நாள் ஒரு காட்சியில் சிக்கிக்கொண்டார்கள். மின்சாரம் போய்விடுகிறது. குடிவந்த பெண் எதையோ கேட்க இருட்டில் வந்து நிற்கிறாள். வீட்டுக்காரி மெழுகுவர்த்தியோடு கதவைத் திறக்கிறாள். எழுதிவைத்த வசனம், "கறுப்பா இருக்கிறவங்க என் வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று இருந்தது. எப்படிப் பேசினாலும் வாயோடு ஒட்டவில்லை.

"திட்டுற வாய் இல்ல மேடம் அது, பாருங்க. கடைசியில அந்தம்மா சிரிக்கிறாங்க. செல்லம் கொஞ்சுற வாய்" என்றார் இயக்குநர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நீங்களே ஏதாவது சொல்லிப் பாருங்களேன். வலிக்கணும். ஆனா இனிக்க இனிக்க வலிக்கணும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெழுகுவர்த்தி, இருட்டு, சிரிப்பு. ஓடிய காட்சி நின்று, திரும்பவும் ஓடியது. அவளுக்குத் தன் வீட்டுக் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. மகள் குட்டி தவழ்ந்துகொண்டிருந்த நாள். அப்படித்தான் மின்சாரம் போனது. நாத்தனார் வந்திருந்தாள். இருட்டில் குழந்தையைத் தேடுகிற மாதிரி கையை ஆட்டி, குரலை இழுத்து, கொஞ்சலாக ஒன்று சொன்னாள். கூடமே சிரித்தது. குழந்தையின் அப்பாவும் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். அதையும் இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

"ஓட்டுங்க தம்பி" என்றாள் ஒலிப்பதிவாளரிடம்.

காட்சி ஓடியது. "யாரது... கொஞ்சம் சிரியேன், ஆள் இருக்கியான்னு பாக்கணும்."

வாய் அப்படியே பொருந்தியது. இயக்குநர் மேஜையைத் தட்டிக்கொண்டு கூத்தாடினார். "மேடம்! எங்கேர்ந்து புடிச்சீங்க இதை? இன்னொண்ணு. இன்னும் கொஞ்சம் இழுத்து."

ஒலிப்பதிவாளர் முப்பது தாண்டாதவன். நல்ல கறுப்பு. அவன் நிமிர்ந்து பார்க்காமல், "ஒன் மோர்க்கா" என்றான். அவள் சொன்னாள். "ஒன் மோர்க்கா." திரும்பச் சொன்னாள். கண்ணாடி வழியாக அவன் உச்சந்தலைதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. இத்தனை வருஷம் தொண்டையில் சிக்கியிருந்ததைத் துப்பிவிட்ட மாதிரி இருந்தது. படம் வரும். நாத்தனார் பார்ப்பாள். அவ்வளவு பெரிய திரையில், ஊரே காறித் துப்பும் ஒரு பொம்பளையின் வாயிலிருந்து தன் பேச்சையே கேட்பாள். நேரில் தன்னால் கேட்க முடியாததைப் படம் கேட்டுவிடும் என்று அவள் நம்பினாள்.

படம் வெளியான வாரமே எல்லாரும் சேர்ந்து போனார்கள். ஒரு பக்கம் குட்டி, இன்னொரு பக்கம் நாத்தனார். குட்டி அப்போது எட்டாம் வகுப்பு. அப்பாவின் நிறம், அதைவிடவும் ஒரு பிடி கூட. வீட்டுக்காரி திரையில் வாயைத் திறந்ததும் அம்மாவின் கையைக் கிள்ளி, "நீதானே! நீதானே!" என்று குதித்தாள்.

மெழுகுவர்த்திக் காட்சி வந்தது. தியேட்டர் உறைந்துபோகும் என்று டப்பிங் அக்கா நினைத்திருந்தாள். தியேட்டர் சிரித்தது. விசில் பறந்தது. பின்வரிசையில் ஒருவன் அதே இழுப்போடு "கொஞ்சம் சிரியேன்" என்று உடனே திருப்பிச் சொன்னான். அதற்கும் ஒரு சிரிப்பு. டப்பிங் அக்கா திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கடைசியில் வீட்டுக்காரி விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறாள். அவள் துரத்திவிட்ட அதே பெண் ரத்தம் கொடுக்கிறாள். "இருட்டு உன் நிறத்துல இல்லம்மா, என் கண்ணுல இருந்துச்சு" என்று வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்து அழுகிறாள். அதையும் டப்பிங் அக்காதான் பேசியிருந்தாள், தொண்டை கட்டும்வரை. தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம்.

வெளியே வந்ததும் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படுபாவி, என்ன பேச்சு பேசுறா! இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா? நீ பேசினதுன்னு நம்பவே முடியலம்மா. எனக்கே பயமா இருந்துச்சு."

"உங்களுக்கு வேற ஒண்ணும் தோணலயா அண்ணி?"

"என்ன தோணணும்? அழுது அழுது தலைதான் வலிக்குது."

வாசலுக்கு எதிரே துணிக்கடை. கண்ணாடிக்குள் தொங்கிய மஞ்சள் சட்டையைக் குட்டி ஆசையாகப் பார்த்தாள். "அது வேணாம்டி செல்லம்" என்று நாத்தனார் அவள் தோளில் கைபோட்டு நகர்த்தினாள். "உன் கலருக்கு எடுக்காது. அத்தை உனக்கு வேற பாத்து வாங்கித் தரேன்." அந்த அன்பு பொய்யில்லை. அதுதான் டப்பிங் அக்காவுக்குத் தாங்கவில்லை.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவள் கணவர் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடையில் செல்போன் பழுது பார்ப்பவர். பழுதுக்கு வந்த போன்கள் வரிசையாக மேஜைமேல் கிடக்கும். ஒன்று அடித்தது, "கொஞ்சம் சிரியேன்." ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. வாரக் கடைசிக்குள் நாலு போன் சேர்ந்து கூப்பிட ஆரம்பித்தன. "கடையில உக்காந்தா வீட்ல உக்காந்த மாதிரியே இருக்கு. ஸ்க்ரூவைக் கையில எடுத்தா நீ சிரிக்கச் சொல்ற" என்று முதலில் வேடிக்கையாகச் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார்.

அவளுக்கும் ஆரம்பத்தில் பெருமைதான். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டால் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, அந்தக் குரல் உங்களுதா? ஒரு தடவை சொல்லுங்கக்கா!" பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் முதல் டிரைவர் வரை அதே கதை. கொஞ்ச நாளில் அவள் வெளியே வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள். காய்கறியைக் கையால் காட்டினாள். சில்லறையைக் கேட்காமல் நின்றாள். வயிற்றுக்குச் சோறு போட்ட குரலை அவள் தெருவில் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. குட்டி எதையாவது பார்த்துச் சிரிப்பு வந்தால் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். பிறகு சிரிப்பதே நின்றது. போன் பேசும்போது "ம்" மட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனால், "கேட் பக்கத்துல வந்து நிக்காதம்மா, தெருமூலையில நில்லு, கூப்பிடாத" என்றாள். வயசு அப்படி என்று டப்பிங் அக்கா எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் பதிவு சீக்கிரம் முடிந்து, அவள் மூலையில் முன்னதாகவே போய் நின்றாள். மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். குட்டி சுவரை ஒட்டித் தனியாக வந்தாள். எங்கிருந்தோ ஒரு குரல், "சிரியேன்..." அதற்குப் பதிலாக இன்னொரு குரல், "ஆள் இருக்கியா?" பிறகு பத்துப் பன்னிரண்டு குரல்கள். சத்தம் போடவில்லை, கோபம் இல்லை. கொஞ்சலாக, இழுத்து. எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எங்கே குரலைத் தூக்க வேண்டும் என்று அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வார்த்தை வார்த்தையாகச் செதுக்கியதை அந்தப் பிள்ளைகள் ஒரு பிசிறு இல்லாமல் சொன்னார்கள்.

குட்டி நடையை மாற்றவில்லை. அம்மாவைப் பார்த்ததும்தான் முகம் வெளிறியது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "எத்தனை நாளா?" என்று அம்மா கேட்டாள்.

"படம் வந்ததுலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டீச்சர்கிட்ட வருவ. வந்தா பேசுவ. பேசினா தெரிஞ்சுடும், அது உன் குரல்னு." குட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இப்போதைக்கு அது படத்துல வர்ற யாரோதான். தெரிஞ்சா, உங்கம்மாவே சொல்றாங்களேடின்னு சொல்லுவாங்க."



மறுநாள் அவள் இயக்குநரைப் பார்க்கப் போனாள். அவருடைய அலுவலகத்தில் புதிதாகச் சோபா போட்டிருந்தார்கள். அவர் எழுந்து வந்து கும்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. அவள் நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் வாடியது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம். ஆனா யோசிச்சுப் பாருங்க, படம் அதுக்கு எதிராத்தானே பேசுது? அந்தம்மா கடைசியில மன்னிப்புக் கேக்குறாங்களே! ஜனம் அழுதுட்டே வெளிய வருது. தினம் எனக்குப் போன் வருது, சார் என் கண்ணைத் திறந்துட்டீங்கன்னு."

"மன்னிப்பை யாரும் ரிங்டோனா வைக்கல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என் கையில இல்ல மேடம். படம் எடுக்குற வரைக்கும்தான் என்னுது. தியேட்டருக்குள்ள போயிட்டா..." என்று இழுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இந்தச் சமயத்துல சொல்றது தப்புதான். இரண்டாம் பாகம் பண்றோம். ஜனங்களுக்கு அந்த வீட்டுக்காரிதான் வேணுமாம். அவங்களைச் சுத்தித்தான் கதை. இந்தத் தடவை இன்னும் ஆழமா, இன்னும் அழுத்தமா சொல்லலாம்னு..."

"நான் வரல சார்."

"நீங்க வரலைன்னாலும் உங்க குரல் வரும் மேடம்." அவர் மிரட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "ஒரு பொண்ணு இருக்கு. உங்களை மாதிரியே பேசுது. எனக்கே வித்தியாசம் தெரியல. தயாரிப்பாளர் ஏற்கெனவே கேட்டுட்டாரு. நீங்களா இருந்தா எனக்கு நிம்மதி, அவ்வளவுதான்."

அங்கிருந்து அவள் நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். வேலை ஒன்றும் இல்லை. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. பின்படிக்கட்டில் ஒலிப்பதிவாளர் டீ குடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு கிளாஸ் வாங்கிவந்து கொடுத்தான். குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் நடப்பதைச் சொல்லி, வெகுநேரம் சுற்றி வளைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அன்னிக்கு நான் அதைச் சொன்னப்போ உனக்கு எப்படி இருந்துச்சு தம்பி?"

"வேலைக்கா. காதுல விழறதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டா இந்த நாற்காலியில உக்கார முடியுமா?" டீயை ஊதினான். "முதல் டேக்கே சரியா வந்துடுச்சு. அதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. யாரோ எங்கேயோ நெஜமாச் சொன்னதுன்னு தெரிஞ்சுது. யோசிச்சு எழுதினா அப்படி வராது."

"இந்தப் படத்தால யாருக்கும் ஒரு நல்லதும் இல்ல, இல்லையா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன்க்கா. எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். தியேட்டர் பக்கமே வராத ஆளு. வந்து ரெண்டு நாள் பேசவே இல்ல. மூணாவது நாள் சாப்பிடறப்போ சொல்றாங்க. ஒரு வீட்ல வேலை பாத்தாங்களாம். அந்த வீட்டுக் குழந்தையை வளர்த்ததே இவங்கதான். போட்டோ எடுக்கறப்போ மட்டும், நீ கொஞ்சம் தள்ளிக்கோ, படம் இருட்டடிக்கும்னு சொல்லுவாங்களாம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும். இத்தனை வருஷம் அவங்க இதை எங்ககிட்ட சொன்னதே இல்ல. அந்தப் படத்தைப் பாத்ததாலதானே வாய் வந்துச்சு?"

"அப்போ நல்லதுதானே?"

"தெரியலக்கா. அவங்களுக்கு வாய் வந்துச்சு. உங்க பொண்ணுக்குப் போயிடுச்சு." சொன்னதும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க."

குட்டி பயந்தது சீக்கிரமே நடந்தது. யாரோ பார்த்திருக்கிறார்கள், யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியை போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நம்ம ஸ்கூல் பொண்ணோட அம்மான்னு தெரியாமப் போச்சே! பாகுபாட்டை எதிர்த்து ஒரு நாள் விழா வைக்கிறோம். படத்தையும் போடப் போறோம். நீங்கதான் சிறப்பு விருந்தினர். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

அன்று சாயங்காலம் குட்டி அழவில்லை. கணக்குப்போடுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். "நீ வரலைன்னா ஏன் வரலைன்னு என்னைக் கேப்பாங்க. வந்துடு. வந்து சீக்கிரம் பேசிட்டுப் போயிடு. எதைப் பத்தியும் சொல்லாத. என்னைப் பத்தி ஒரு வார்த்தை வேணாம்."

"அந்தப் பேச்சு யாரு சொன்னது, எப்படி வந்துச்சுன்னு சொன்னா பிள்ளைங்களுக்குப் புரியும்டா."

"யாரு சொன்னது?"

அம்மா சொன்னாள். குட்டி குழந்தையாக இருந்தபோது கூடத்தில் நடந்ததை முதன்முதலாக மகளிடம் சொன்னாள். குட்டி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ அது மொதல்லேர்ந்தே எனக்குச் சொன்னதுதானா?" என்றாள். பிறகு, "இதை அங்க சொன்னா நான் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன்" என்றாள்.

விழா மண்டபத்தில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள், படம் தெரிவதற்காக. காற்று இல்லை. பூங்கொத்து கொடுத்தார்கள், கைதட்டினார்கள். டப்பிங் அக்கா மைக்கின் முன்னால் போய் நின்றாள். வாழ்நாளெல்லாம் மைக்கின் முன்னால் நின்றவள். ஆனால் எதிரே முகங்களைப் பார்த்து நின்றதில்லை. சொல்ல வந்த உண்மை ஒன்றுதான். அதைச் சொல்ல வழியில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மன்னிப்புக் கேட்கும் வசனத்தைப் பேசத் தொடங்கினாள். "இருட்டு உன் நிறத்துல இல்லம்மா..."

"அது வேணாம்!" என்று பின்னாலிருந்து ஒரு பையன். சிரிப்பு. "மிஸ், அது வேணாம் மிஸ்!" தலைமையாசிரியை அருகில் வந்து காதோரம், "பிள்ளைங்க ஆசைப்படுறாங்க, ஒரே ஒரு தடவை" என்றார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. யாரோ ஆரம்பித்தார்கள், மண்டபம் முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. "கொஞ்சம் சிரியேன்... ஆள் இருக்கியான்னு பாக்கணும்!" வாத்தியார்கள்கூடச் சிரித்தார்கள். அவள் கண் குட்டியைத் தேடியது. நடுவரிசையில் இருந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, மற்றவர்களைவிடச் சத்தமாக அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் குட்டியே பேச்சை எடுத்தாள். "சத்தமாச் சொன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கம்மா. மெதுவாச் சொன்னாத்தான் பாப்பாங்க."

அந்த வாரம் நாத்தனார் வந்தபோது டப்பிங் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சமையலறையில் வைத்து நேருக்கு நேர் சொல்லிவிட்டாள். "அந்தப் பேச்சு உங்களுது அண்ணி. கரண்ட் போனப்போ குட்டியைப் பாத்து நீங்க சொன்னது."

"நானா?" நாத்தனார் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. "சொல்லியிருந்தாலும் செல்லமாச் சொல்லியிருப்பேன். அந்தப் பொம்பள மாதிரியா சொல்லுவேன்?"

"அதே மாதிரிதான் சொன்னீங்க. அதைப் பாத்துத்தான் நான் பேசினேன்."

ஒரு கணம் நாத்தனாரின் முகத்தில் என்னவோ ஓடியது. வந்துவிட்டது, இதோ புரிந்துவிட்டது என்று டப்பிங் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாரின் கண்கள் அகன்றன. "அப்போ ஊரெல்லாம் சொல்றது என் டயலாக்கா?" கையைத் தட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். "டேய் தம்பி, கேட்டியாடா? உன் பொண்டாட்டி என்னைப் பாத்துத்தான் காப்பியடிச்சாளாம்!"

இரண்டாம் பாகத்துக்கு டப்பிங் அக்கா போகவில்லை. அதன் பிறகு ஸ்டுடியோவிலிருந்து அழைப்பும் குறைந்தது. வேறு எந்தப் படத்தில் பேசினாலும் ஜனங்கள் சிரித்துவிடுகிறார்கள் என்றார்கள். குழந்தைகளுக்கான பாடப் பதிவுகளுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். பழங்களின் பெயர்களையும் வாரத்தின் நாட்களையும் சொன்னாள். பள்ளிக்கூடத்திலும் பேச்சு மெல்ல அடங்கியது. புதிதாக வேறு எதுவோ வந்திருந்தது. குட்டி ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள்.

அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்தது. ஒரு சாயங்காலம் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்து, பழுதுக்கு வந்த போன் ஒன்றை மேஜைமேல் வைத்தார். அது கொஞ்ச நேரத்தில் அடித்தது. "வாசலை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லேன்... வெளிச்சம் வரட்டும்." அதே இழுப்பு. அதே கொஞ்சல்.

கணவர் அவளைப் பார்த்தார். "எப்போ போய்ப் பேசிட்டு வந்தே?"

"நான் போகலைங்க. அது வேற பொண்ணு."

உள்ளே படித்துக்கொண்டிருந்த குட்டி வெளியே வந்தாள். "போக மாட்டேன்னு சொன்னியேம்மா."

"சத்தியமாப் போகல. நல்லாக் கேளு. அவ 'நில்லேன்'ல மூச்சு வாங்குறா பாரு, நான் அங்க வாங்க மாட்டேன்." போனை எடுத்துத் திரும்ப ஓடவிட்டாள். இரண்டு பேரும் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒலிப்பதிவாளருக்குப் போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை, பதிவில் இருப்பான். தன் வீட்டுக் கூடத்தில், தன் மனிதர்கள் முன்னால், தன் குரல் தன்னுடையதில்லை என்று அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது.

"நீ சொல்லிக் காட்டு" என்றாள் குட்டி. "ரெண்டையும் சேத்துக் கேட்டாத் தெரியும்."

"வேணாம்டா."

"அப்போ நீதான்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை டப்பிங் அக்கா காத்திருந்தாள், பழக்கதோஷம். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாசலை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லேன்... வெளிச்சம் வரட்டும்."

குட்டி கண்ணை மூடிக் கேட்டாள். போனை ஒருமுறை ஓடவிட்டாள். மறுபடி அம்மாவைப் பார்த்து, "இன்னொரு தடவை" என்றாள். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

"ஆமா, வேறதான்" என்றாள் குட்டி. "அது சும்மா பேசுது. நீ சொல்றப்போ நெஜமாவே தள்ளி நிக்கணும்னு தோணுது." கோபமாகச் சொல்லவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.